கயிறு யார் கையில்?

போன மாதம் பேரனை அழைத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரையில் ஒரு டைவிங் கடைக்குப் போயிருந்தேன். பையன் கல்லூரி விடுமுறையில் ஸ்கூபா பழகுகிறான். வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில் நான் வாங்கிய ரெகுலேட்டரை அவனுக்குக் கொடுத்திருந்தேன். கடையில் இருந்த தம்பி அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“சர்வீஸ் யார் சார் பண்ணது?”

“நான்தான் தம்பி.”

“சீட்டு இருக்கா?”

“சீட்டு இல்ல, நோட்டு இருக்கு.”

தேதி, மாற்றிய ஓ-ரிங்குகள், அளந்த பிரஷர் எல்லாம் வரிசையாக எழுதி வைத்த நோட்டை நீட்டினேன். அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

“தப்பா நினைக்காதீங்க சார். இது உயிர் விஷயம். இதெல்லாம் நாம தொடக்கூடாது. கம்பெனி ஆளுங்கதான் தொடணும்.”

“சரி தம்பி. உங்க கடையில இன்டர்மீடியட் பிரஷர் கேஜ் இருக்கா? இப்பவே மாட்டிப் பாத்துருவோம்.”

“அதெல்லாம் சர்வீஸ் சென்டர்லதான் சார் இருக்கும்.”

அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் கடை, அவர் பொறுப்பு, விதியைச் சொன்னார். பேரன் அன்று கடை ரெகுலேட்டரைத்தான் வாயில் கடித்துக்கொண்டு இறங்கினான். அதற்குச் சீட்டு உண்டு. ஆனால் அன்று காலையில் அதன் பிரஷரை அளந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. என் பேரனின் மூச்சு ஒரு காகிதத்தை நம்பித் தண்ணீருக்குள் போயிற்று. என் சண்டை அந்தக் காகிதத்தோடுதான்.

ரெகுலேட்டர் என்றால் என்னவோ ஏதோ என்று நினைக்காதீர்கள். நம் அடுக்களையில் காஸ் சிலிண்டர் தலையில் உட்கார்ந்திருக்கிறதே, அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன். உள்ளே ஒரு ரப்பர் டயாஃப்ரம், ஒரு ஸ்பிரிங், ஒரு வால்வு. முதுகில் கட்டும் சிலிண்டரில் காற்று 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். கார் டயரில் இருப்பதைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு. அதை நேராக வாயில் வைக்க முடியாது. அதனால் இரண்டு படியாக இறக்குகிறார்கள். சிலிண்டரில் மாட்டுகிற பாகம் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ். அது 200 பாரை, சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்தைவிட 9 அல்லது 10 பார் மட்டும் அதிகமாக இருக்கும்படி குறைக்கும். இதைத்தான் இன்டர்மீடியட் பிரஷர் என்கிறார்கள். வாயில் கடிக்கிற பாகம் செகண்ட் ஸ்டேஜ். நாம் மூச்சை இழுக்கும்போது மட்டும் திறந்து, அந்த ஆழத்துக்குத் தகுந்த அழுத்தத்தில் காற்றைக் கொடுத்துவிட்டு மூடிக்கொள்ளும். அவ்வளவுதான். உள்ளே கம்ப்யூட்டர் இல்லை, பேட்டரி இல்லை, மந்திரமும் இல்லை.

முப்பது வருடம் நான் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக். 3 முதல் 15 பிஎஸ்ஐ காற்றில் வேலை செய்யும் கன்ட்ரோல் வால்வுகள்தான் எனக்குச் சோறு போட்டன. டயாஃப்ரமும் ஸ்பிரிங்கும் என்ன பேசிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட எனக்கே “தொடாதே” என்கிறார்கள் என்று நான் கோபப்படுவதாக நினைக்க வேண்டாம். தையல் மிஷினைக் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டத் தெரிந்த, பொறுமையுள்ள எந்த மனிதருக்கும் இது வரும் என்பதுதான் என் கட்சி.

இந்தக் கருவி பிறந்த கதையைப் பாருங்கள். 1860-இல் ருகேரோல் என்ற பிரெஞ்சு சுரங்க இன்ஜினியர், விஷவாயு சூழ்ந்த சுரங்கத்தில் ஆட்களைக் காப்பாற்றப் போகிறவர்களுக்காக, இழுத்தால் மட்டும் காற்று தரும் ஒரு கருவியைச் செய்தார். பிறகு தெனேரூஸ் என்ற கடற்படை அதிகாரியோடு சேர்ந்து அதைக் கடலுக்கு ஏற்றபடி மாற்றினார். அதற்குப் பிறகு எண்பது வருடம் கழித்து இரண்டாம் உலகப்போர். பிரான்சில் பெட்ரோல் கிடையாது. கார்களை விறகிலிருந்தும் கரியிலிருந்தும் எடுத்த வாயுவில் ஓட்டினார்கள். அந்த வாயுவை இன்ஜினுக்கு அளந்து கொடுக்க எமில் கான்யான் என்ற இன்ஜினியர் வைத்திருந்த வால்வைத்தான் அவரும் ழாக் கூஸ்தோவும் சேர்ந்து 1943-இல் கடலுக்குள் மூச்சு விடும் கருவியாக மாற்றினார்கள். ஆக, இன்று “உயிர்க் கருவி, தொடாதே” என்கிறார்களே, அதன் தாத்தா ஒரு கார் உதிரிபாகம்!

முதல் தடவை ஆற்றில் இறங்கிப் பார்த்தபோது அது சரியாக வேலை செய்யவும் இல்லை. படுத்து நீந்தினால் சரியாக இருந்தது. நிமிர்ந்து நின்றால் காற்று தானாகக் கொட்டியது. மூச்சு வெளியேறும் இடமும் காற்று உள்ளே வருவதைக் கட்டுப்படுத்தும் இடமும் வேறு வேறு உயரத்தில் இருந்ததுதான் காரணம். இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள், சரியாகிவிட்டது. தண்ணீரில் இறங்கியவர், குற்றத்தைக் கண்டுபிடித்தவர், கையால் திருத்தியவர் எல்லாரும் ஒரே கரையில் நின்றார்கள். அவர்களிடம் யாரும் சீட்டு கேட்கவில்லை.

இனி என் கதை. இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று, அப்போது நான் மஸ்கட்டில் இருந்தேன். விதிப்படி வருடா வருடம் ரெகுலேட்டரை அங்கீகாரம் பெற்ற ஒரு கடையில் சர்வீசுக்குக் கொடுத்துவிடுவேன். அந்த வருடம் ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. பளபளவென்று இருந்தது. பில்லில் கூலி தனி, பாகங்கள் அடங்கிய கிட் தனி. வெள்ளிக்கிழமை காலையில் நண்பனோடு இறங்கினேன். 14 மீட்டரில் ஒரு பாறைத் திட்டு. நாலாவது மூச்சில் வாயில் உப்புத்தண்ணீர். பொத்தானை அழுத்திக் காற்றடித்துத் தண்ணீரை வெளியேற்றினேன். அடுத்த மூச்சிலும் தண்ணீர். இருமல் வந்தது. தண்ணீருக்கடியில் இருமல் வந்தவர்களுக்குத்தான் தெரியும் அது எப்படி இருக்கும் என்று. மேலே பாய்ந்துவிடு என்று உடம்பு கத்தும். பாய்ந்தால் நுரையீரல் கிழியும் என்று படித்த பாடம் சொல்லும். உபரியாகத் தொங்கும் இரண்டாவது செகண்ட் ஸ்டேஜை வாயில் மாற்றிக்கொண்டு, நண்பன் தோளைப் பிடித்துக்கொண்டு மெள்ள மேலே வந்தேன்.

அன்று சாயங்காலம் முதல்முறையாக அதை நானே திறந்தேன். மூச்சு வெளியேறும் இடத்தில் காளான் குடை மாதிரி ஒரு சின்ன ரப்பர் வால்வு உண்டு. அதன் ஓரம் மடங்கி உட்கார்ந்திருந்தது. மாட்டியவர் விரலால் ஒரு தடவை தடவியிருந்தால் தெரிந்திருக்கும். சரி, மனிதர் தவறு, போகட்டும் என்று ஃபர்ஸ்ட் ஸ்டேஜையும் திறந்தேன். அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது. 200 பாரைத் தடுத்து நிறுத்தும் பிளாஸ்டிக் சீட், புதிது என்றால் அதில் மயிரிழை போல ஒரு வட்டம் மட்டும்தான் விழுந்திருக்கும். இதில் வருடக்கணக்கில் உட்கார்ந்த ஆழமான பள்ளம். பில்லில் கிட்டுக்குப் பணம் வாங்கியவர்கள் பழைய சீட்டையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் கொடுத்த சீட்டு மட்டும் புதிது.

எல்லாக் கடையும் அப்படி என்று சொல்ல மாட்டேன். மனசாட்சியோடு வேலை செய்யும் மெக்கானிக்குகளை எனக்குத் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: அந்த ஆள் அன்று முப்பது ரெகுலேட்டரைப் பார்த்திருப்பார். அதில் என்னுடையது ஒன்று. எனக்கு இருப்பதோ ஒன்றே ஒன்று, அதுவும் என் வாயில். இருவரில் யார் அதிக கவனமாக இருப்போம்?

அன்றிலிருந்து நானே செய்கிறேன். என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன், பெரிய ரகசியம் ஒன்றுமில்லை.

கழற்றாமலே செய்யும் சோதனைகள் மூன்று. டைவிங் போகும் எல்லாருக்கும் இவை தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, சிலிண்டரில் மாட்டாமல், ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வாயை மூடி போட்டு அடைத்துவிட்டு, செகண்ட் ஸ்டேஜை வாயில் வைத்து உறிஞ்சுங்கள். காற்று வரக்கூடாது, உறிஞ்சியது அப்படியே பிடித்து நிற்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று வந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது, அல்லது அந்தக் காளான் வால்வு சரியாக உட்காரவில்லை. மஸ்கட்டில் இந்தப் பத்து விநாடிச் சோதனையை நான் செய்திருந்தால் கரையிலேயே தெரிந்திருக்கும். அன்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, “கம்பெனி ஆள் பார்த்துக்கொள்வார்” என்றுதான் சொல்லித்தந்தார்கள்.

இரண்டாவது, கேஜ். மிதவைச் சட்டைக்குக் காற்று போகிற குழாயின் முனையில் இதை மாட்டலாம். சிலிண்டரைத் திறந்தவுடன் முள் 9, 10 பாருக்குப் பக்கத்தில், கம்பெனி சொன்ன அளவில், போய் நிற்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் இறங்கி, விட்டவுடன் அதே இடத்துக்கு வந்து ஆணி அடித்தாற்போல நிற்க வேண்டும். நிற்காமல் முள் மெள்ள மெள்ள மேலே ஊர்ந்தால் சீட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஊர்வதைக் கண்ணால் பார்க்கலாம். இதற்கு எந்தப் பட்டமும் வேண்டாம்.

மூன்றாவது, வாளித் தண்ணீர். காற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, வாயில் வைக்கும் பக்கம் மேலே பார்க்கும்படி செகண்ட் ஸ்டேஜை மெள்ளத் தண்ணீரில் இறக்குங்கள். டயாஃப்ரம் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் ஆழம் போனதும் காற்று சீறும். இரண்டு விரற்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். வால்வைத் திறக்க உங்கள் மூச்சு எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதற்கு அதுதான் அளவு. தண்ணீரைத் தொட்டதுமே சீறினால் மிகவும் இளக்கம், கடலில் தானாகக் கொட்டும். மூன்று அங்குலம் போயும் சீறாவிட்டால், மூச்சை இழுத்து இழுத்தே களைத்துவிடுவீர்கள்.

கழற்றும் வேலை அதற்கு அப்புறம். கழற்றியதும் முதலில் பார்ப்பது, காற்று நுழையும் வாயில் உள்ள ஃபில்டரை. அது ஒரு சாட்சி. பச்சை பூத்திருந்தால் கடல் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. செம்பழுப்பு என்றால் இரும்பு சிலிண்டரின் துரு. கறுப்பு என்றால் காற்று நிரப்பிய கம்ப்ரசரின் கரி. அங்கீகாரக் கடைகள் ஃபில்டரை மாற்றிவிட்டுப் பழையதைக் குப்பையில் போட்டுவிடும். அது என்ன சொல்லிற்று என்று உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

பித்தளைப் பாகங்களை வெந்நீரில் வினிகர் கலந்து கொஞ்ச நேரம் ஊறவைப்பேன். அதிக நேரம் கூடாது, மேலிருக்கும் குரோமியம் உரிந்துவிடும். (ஊறுகாய்க்கு வாங்கிய வினிகர் எங்கே என்று வீட்டில் நடக்கும் விசாரணையை இங்கே விவரிக்கவில்லை.) பிறகு நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்துவேன். ஓ-ரிங்கை எடுக்க இரும்பு ஊசி கூடாது. பித்தளை அல்லது பிளாஸ்டிக் கொக்கிதான். ஓ-ரிங் உட்காரும் இடத்தில் ஒரு கீறல் விழுந்தால் அந்தப் பாகமே வீண். எல்லா ஓ-ரிங்கும், சீட்டும் புதிது போட வேண்டும், அளவும் ரகமும் பார்த்து. மெல்லிய சிலிகான் கிரீஸ், பளபளப்பு தெரிகிற அளவுக்கு மட்டும். சாதாரண எண்ணெய், வண்டிக் கிரீஸ் பக்கத்திலேயே வரக்கூடாது. செகண்ட் ஸ்டேஜின் முனையைத் திருப்பி அட்ஜஸ்ட் செய்யும்போது பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் அந்த முனை புது சீட்டை வெட்டிவிடும். கால் சுற்று திருப்பு, அள. மறுபடி கால் சுற்று, அள. முடிந்ததும் முதல் முழுக்கு ஆழம் இல்லாத தண்ணீரில். கடையிலிருந்து வந்தாலும் இதே விதிதான். தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள்: ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் ஓவர்ஹால் முடிந்த மறுநாள்தான் மக்கர் பண்ணும்.

இப்போது எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வதைப் பார்ப்போம்.

“உயிர் விஷயம்” என்கிறார்கள். உயிர் விஷயம் என்பதால்தான் நான் கற்றுக்கொண்டேன். சைக்கிள் பிரேக் உயிர் விஷயம் இல்லையா? பிரஷர் குக்கர் வால்வு உயிர் விஷயம் இல்லையா? இன்சுலின் ஊசியை நம்மில் எத்தனை பேர் நாமே போட்டுக்கொள்கிறோம்? டாக்டர் என்ன செய்தார்? “நீ தொடாதே” என்றா சொன்னார்? உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுப்பதுதான் அக்கறை. பூட்டி வைப்பதற்குப் பெயர் வேறு.

“அரைகுறை ஆள் கெடுத்துவிடுவார்” என்கிறார்கள். கெடுப்பார்தான், மறுக்கவில்லை. சீட் தேய்ந்து அழுத்தம் ஏறினால் பெரும்பாலான ரெகுலேட்டர்கள் அடைத்துக்கொள்ளாமல் திறந்துகொண்டு காற்றைக் கொட்டும்படிதான் அமைந்திருக்கின்றன என்றாலும், 20 மீட்டரில் சிலிண்டர் காலியாவது விளையாட்டு இல்லை. அதனால் என் எல்லைகளை நானே போட்டுக்கொண்டிருக்கிறேன். கேஜ் இல்லாமல் திருப்புளியைத் தொட மாட்டேன். சரியான கிட் கிடைக்காவிட்டால் கழற்ற மாட்டேன், கடையில் கிடைத்த வாஷரை வெட்டிப் போடுகிற வேலை கிடையாது. ஆக்ஸிஜன் கூடுதலாகக் கலந்த காற்றுக்கான கருவியைத் தொட மாட்டேன். அதற்குச் சுத்தம் வேறு, கிரீஸ் வேறு, தீப்பிடிக்கிற சமாச்சாரம். சிலிண்டரின் ஹைட்ரோ டெஸ்ட் அதற்கான நிலையத்தில்தான். அடுத்தவருடைய ரெகுலேட்டரைக் காசுக்கும் செய்ய மாட்டேன், நட்புக்கும் செய்ய மாட்டேன். பேரனுக்குக்கூட நான் செய்து கொடுக்கவில்லை. அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து அவன் கையால் செய்யவைத்தேன். நோட்டில் கடைசிப் பக்கம் அவன் கையெழுத்துதான்.

அரைகுறை ஆளை முழு ஆள் ஆக்குவதற்கு வழி என்ன? மேனுவலைக் கொடுப்பது, பாகத்தை விற்பது. பெரும்பாலான கம்பெனிகள் இரண்டையும் செய்வதில்லை. கிட் வேண்டும் என்றால் “டீலருக்கு மட்டும்”. மேனுவல் வேண்டும் என்றாலும் “டீலருக்கு மட்டும்”. பாகங்கள் ஆயுள் முழுக்க இலவசம் என்று விளம்பரம் செய்வார்கள். சின்ன எழுத்தில், வருடம் தவறாமல் எங்கள் டீலரிடம் கூலி கொடுத்து சர்வீஸ் செய்தால் மட்டும் என்று இருக்கும். ஒரு வருடம் தவறினால் இலவசம் போயிற்று. வருடத்துக்கு ஒரு முறை கட்டாயம் என்று அடித்துச் சொல்லிவந்தவர்களில் சிலர் பிற்பாடு 2 வருடம் அல்லது 100 டைவ் என்று மாற்றிக்கொண்டார்கள். அப்படியானால் அதுவரை உயிர் பெயரைச் சொல்லி வாங்கிய கூலி எந்தக் கணக்கு? ரப்பருக்குக் காலண்டர் தெரியாது ஐயா. உப்பும் வெயிலும்தான் தெரியும். முழுகி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிட்ட ரெகுலேட்டரும், வண்டி டிக்கியில் வெயிலில் வெந்த ரெகுலேட்டரும் ஒன்றா?

உரிமையாளருக்கே வகுப்பு நடத்தி, பாகமும் விற்கிற கம்பெனிகள் வெளிநாட்டில் ஒன்றிரண்டு உண்டு. வான்ஸ் ஹார்லோ என்ற அமெரிக்கர் ரெகுலேட்டர் பழுதுபார்ப்பதைப் பற்றி முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். நம் நாட்டிலும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு ஓர் இணையதளம் திறந்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு துறைகளில் தொடங்கினார்கள். டிராக்டர்காரருக்கு உள்ள நியாயம் கடலில் இறங்குகிறவருக்கு மட்டும் ஏன் இல்லாமல் போகும்?

பொழுதுபோக்குக்கு முழுகுகிற என்னைப் போன்றவர்களை விடுங்கள். அக்கரையில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு வயிற்றுப்பாட்டுக்கு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ரெகுலேட்டரை வெளியூர் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிவிட்டு எந்தத் தொழிலாளி ஆறு வாரம் பட்டினி கிடப்பார்? அவர் திறக்கத்தான் போகிறார். மேனுவலைப் பூட்டி வைத்ததால் அவர் கை நிற்காது. தெரியாமல் திறப்பார், அவ்வளவுதான் வித்தியாசம். இதற்குப் பெயர் பாதுகாப்பு என்றால் எனக்குத் தமிழ் தெரியவில்லை என்று அர்த்தம்.

நான் தூத்துக்குடிக்காரன். எங்கள் ஊரில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். சின்ன வயதில் பெரியவர்கள் சொல்லக் கேட்ட கதை ஒன்று உண்டு. உங்களில் பலரும் கேட்டிருப்பீர்கள். கல்லைக் கட்டிக்கொண்டு அடியில் போகிறவனின் கயிற்றை மேலே படகில் பிடித்திருப்பவன் மச்சானாக இருப்பானாம். கூடப்பிறந்த தம்பியைக்கூட நம்ப மாட்டார்களாம். ஏனென்றால், கயிறு நழுவினால் தாலி அறுப்பது மச்சானுடைய அக்காளோ தங்கையோ. கயிற்றின் மறுமுனையில் இருப்பவனுக்கும் இழப்பு உண்டு என்றால்தான் அவன் கை நழுவாது.

சீட்டு எழுதிக் கொடுக்கிறவருக்கு என் வீட்டுப் பெண்ணைக் கொடுக்கவில்லை. அதனால் கயிற்றை நானே பிடித்துக்கொள்கிறேன்.

கோபப்படுகிற டைவிங் நண்பர்கள் தாராளமாக வீட்டுக்கு வரலாம். காபி உண்டு, கேஜ் உண்டு, வாளித் தண்ணீரும் உண்டு. வரும்போது உங்கள் ரெகுலேட்டரையும் சர்வீஸ் சீட்டையும் கொண்டுவாருங்கள். நான் எதையும் தொட மாட்டேன். நீங்களே மாட்டி, முள் எங்கே நிற்கிறது என்று நீங்களே பாருங்கள். பிறகு பேசுவோம்.